ரயில்தான் மேடை

பிரசார வேன்கள் வராத காலத்தில், தலைவர்கள் மக்களை எப்படிச் சந்தித்தார்கள் தெரியுமா? ரயில்தான் மேடை! 1946-இல் தி.நகர் இந்தி பிரச்சார சபாவின் வெள்ளி விழாவுக்கு வந்து அங்கேயே தங்கிய காந்தியடிகள், தனி ரயிலில் மதுரைக்கும் பழனிக்கும் போனார். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அதற்கு முன்பே கதவு திறந்திருந்த அங்கிருந்த கோயில்களுக்குள் அவரும் போனார். ரயில் பயணங்களில், ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி தாழ்த்தப்பட்ட மக்களுக்கான ஹரிஜன நிதிக்குக் காசு கேட்பது அவர் வழக்கம். "இது தேர்தல் பிரசாரம் இல்லையே" என்பீர்கள். ஓட்டுக் கேட்கவில்லைதான், தீண்டாமையை விடச் சொல்லிக் கேட்டாரே, அதைவிடப் பெரிய அரசியல் ஏது? செய்தி சொல்லப் பத்திரிகை அப்போதும் இருந்தது, உண்மை. ஆனால் எழுத்தறியாத ஒரு விவசாயக் கூலி, ஸ்டேஷனுக்கு நடந்தே வந்து, தன் கையிலிருந்த காலணாவை காந்தியின் நீட்டிய கையில் வைக்க முடிந்தது ரயிலால்தான்.