கரியடுப்பும் மூடிய அறையும்



கேமரன் மலையில் வாழ்கிறவர்களுக்குக் குளிரைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தானா ராத்தா கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் நாள் முழுவதும் தேயிலைக் காட்டில் நனைந்து, ஈரத் துணியோடு வீடு வந்து சேருகிறோம். அந்த நேரத்தில் ஒரு சட்டித் தணல் இருந்தால் போதும் என்று மனம் ஏங்குவது இயற்கை. இப்போது பெரும்பாலான வீடுகளில் காஸ் அடுப்பு வந்துவிட்டது. ஆனாலும் சாம்பிராணி போடவும், இறைச்சி சுடவும், கரண்ட் இல்லாத இரவில் குளிர் காயவும் கரி இன்னும் கைகொடுக்கிறது. ஆகவே, கரி எப்படி உண்டாகிறது, அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும், அதில் மறைந்திருக்கும் ஆபத்து என்ன என்பவற்றை இன்று பார்ப்போம்.

விறகை அடுப்பில் வைத்து எரித்தால் கடைசியில் சாம்பல்தான் மிஞ்சும். அதே விறகைக் காற்றுப் புகாமல் மூடி வைத்துச் சூடேற்றினால் கரி மிஞ்சும். விறகுக்கும் கரிக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான். சூடு ஏறும்போது முதலில் மரத்திலுள்ள நீர் ஆவியாகிறது. பிறகு மரம் தானே சிதையத் தொடங்கி, புகையும் தாரும் வெளியேறுகின்றன. 400, 500 பாகை செல்சியஸ் சூட்டை அடையும்போது பெரும்பாலும் கார்பன் என்னும் கரிச்சத்து மட்டுமே நிற்கிறது. புகை தரும் பொருள்கள் முன்னமே போய்விட்டதால்தான் நல்ல கரி புகையில்லாமல் எரிகிறது.

இந்த வேலையைக் கண்ணால் காண விரும்புகிறவர்கள் மலையை விட்டு இறங்கி, பேராக் மாநிலத்தில் தைப்பிங்கை அடுத்த கோலா செப்பெத்தாங்குக்குப் போகலாம். முன்பு போர்ட் வெல்ட் என்று பெயர் பெற்றிருந்த ஊர் இது. மலாயாவின் முதல் இரயில் 1885-ஆம் ஆண்டில் தைப்பிங்கிலிருந்து இந்த ஊருக்குத்தான் ஓடியது. பக்கத்தில் மாத்தாங் சதுப்புக் காடு ஏறக்குறைய 40,000 ஹெக்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. அங்கே வளரும் பாக்காவ் மரத்தைத் தமிழ்நாட்டில் பிச்சாவரத்துப் பக்கத்தில் சுரபுன்னை என்பார்கள். மரத்தை வெட்டினால், அந்த இடத்தில் மறுபடியும் வளரவிட்டு 30 ஆண்டு கழித்தே வெட்டுவது அங்குள்ள ஒழுங்கு.

கவிழ்த்து வைத்த பெரிய பானையைப் போல, செங்கல்லும் களிமண்ணும் கொண்டு அங்கே சூளை கட்டியிருக்கிறார்கள். பட்டை உரித்த கட்டைகளை உள்ளே நெருக்கமாக நிறுத்தி, வாசலை அடைத்து, ஒரு சிறு வாய் மட்டும் விடுகிறார்கள். அந்த வாயில் நெருப்பு எரிகிறது. உள்ளே போவது நெருப்பல்ல, அனல் மட்டுமே. எத்தனை நாள் எரிய வேண்டும், எப்போது அடைக்க வேண்டும் என்பதைச் சூளைக்காரர் புகையின் நிறத்தையும் வாசனையையும் கொண்டே முடிவு செய்கிறார். எரிந்து, அடைத்து, ஆறி முடிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. 40 டன் பச்சைக் கட்டை உள்ளே போனால் 10 டன் அளவு கரி வெளியே வருகிறது.

நம் முன்னோர் இந்த வித்தையை அறியாதவர்கள் அல்லர். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களில் இன்றும் சீமைக் கருவேல விறகை அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடிக் கரிமூட்டம் போடுகிறார்கள். வேலை ஒன்றுதான், சூளைக்குப் பதில் மண் போர்வை.

நல்ல கரியைக் கண்டுபிடிப்பது எளிது. தட்டிப் பார்த்தால் கணீரென்று ஒலிக்கும். உடைத்துப் பார்த்தால் உள்ளே பளபளப்பு தெரியும். பழுப்பு நிறம் தெரிந்தால் அது பாதி வெந்த குறைக்கரி. கண்ணை எரிக்கும் புகை கொடுக்கும். கரியை ஈரம் படாத இடத்தில் வைக்க வேண்டும். பற்றவைக்கச் சிறு குச்சிகள் போதும்; மண்ணெண்ணெய் ஊற்றுவது கூடாது. எரிந்து முடிந்த சாம்பலைக் கீரைப் பாத்தியில் சிறிதளவு தூவலாம். தேயிலைச் செடிக்குப் போடக் கூடாது. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி. சாம்பல் அந்தப் புளிப்பை மாற்றிவிடும்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள். வெளியே மழையும் பனியும். "பச்சை உடம்பு, குளிர் படக் கூடாது" என்று பாட்டி குமுட்டி அடுப்பில் தணலை நிரப்பி அறைக்குள் வைத்து, சன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் சாக்கையும் திணிக்கிறார். புகை இல்லை, வாடை இல்லை, அறை கதகதப்பாக இருக்கிறது. பாட்டியின் அன்பில் குறையில்லை. ஆனால் அந்த அறைக்குள் நஞ்சு நிறைந்துகொண்டிருக்கிறது.

அந்த நஞ்சுக்குக் கார்பன் மோனாக்சைடு என்று பெயர். காற்று போதாத இடத்தில் கரி கனலும்போது இது உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. நாம் மூச்சில் இழுக்கும் உயிர்க்காற்றை உடம்பெங்கும் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள சிவப்புப் பொருள். இந்த நஞ்சு அந்தப் பொருளை உயிர்க்காற்றைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. பேருந்தில் எல்லா இருக்கையிலும் ஒருவன் சாக்கு மூட்டையை வைத்துவிட்டால் பயணிகள் ஏற முடியாதல்லவா? அதே கதைதான். மூளையும் இருதயமும் முதலில் தவிக்கின்றன. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு, அப்புறம் தூக்கம்: இவையே அறிகுறிகள். சளிக்காய்ச்சல் என்றோ, காற்றுக் கருப்பு பட்டது என்றோ நினைத்துவிடக் கூடாது. ஒரே அறையில் இருந்த இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலி வந்து, வெளியே போனதும் தெளிந்தால், தணலைத்தான் சந்தேகிக்க வேண்டும். தூங்குகிறவருக்கு இந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காது. நல்ல கரிக்குப் புகை இல்லை என்பதால் தீங்கும் இல்லை என்று எண்ணுவது தவறு. சாம்பல் பூத்த தணலும் இந்த நஞ்சை விடுகிறது.

ஆகவே, தணலை வாசலிலோ திறந்த கொட்டகையிலோ வைத்துக் காயுங்கள். சாம்பிராணி போடும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். முடிந்ததும் தூபக்காலை வெளியே எடுத்துவிடுங்கள். படுக்கும் அறையில் தணலோடு எவரும் தூங்கக் கூடாது. தாய்க்கும் பிள்ளைக்கும் கதகதப்பு வேண்டுமானால் கம்பளி, காலுறை, குல்லாய் இருக்கின்றன. யாராவது மயங்கிக் கிடந்தால் உடனே கதவு சன்னல்களைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள். 999-க்குத் தொலைபேசி செய்யுங்கள். வண்டி கிடைத்தால் தாமதிக்காமல் தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அங்கே சில கடைகளில் ஷீஷா என்னும் ஹூக்கா குடிக்கிறார்கள். "புகை தண்ணீருக்குள் போய் வருகிறது, கெடுதல் போய்விடும்" என்பது அவர்கள் பேச்சு. உண்மை அப்படியில்லை. அதன் தலையில் வைப்பதும் கரித்தணல்தான். அந்தத் தணல் விடும் நஞ்சுக்காற்று தண்ணீரில் கரைவது மிகச் சொற்பம். குடிப்பவர் நெஞ்சுக்கே வந்து சேருகிறது. ஒரு மணி நேரம் ஹூக்கா குடிப்பவர், ஒரு சிகரெட்டுப் புகையைப்போல் 100 முதல் 200 மடங்கு அளவுப் புகையை உள்ளே இழுக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் குழு 2005-ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. தேங்காய்ச் சிரட்டைக் கரி, இயற்கைக் கரி என்று விற்பதாலும் இந்த நிலை மாறாது. எந்தக் கரியானாலும் கனலும்போது நஞ்சு உண்டு.

கரி நம் பகைவன் அல்ல. காற்றோட்டமான இடத்தில் அது நல்ல வேலைக்காரன். இன்றிரவு படுக்கப் போகுமுன் ஒரு வேலை செய்யுங்கள்: அடுப்பில் தணல் மிச்சம் இருந்தால் வெளியே எடுத்து வைத்து, நீர் தெளித்து அணைத்துவிட்டு வந்து படுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் இதைச் சொல்லுங்கள்.