எண்பத்தைந்தில் நின்ற திரை

"மாமா, எண்பத்தஞ்சுல நின்னுடுச்சு."

சென்னையிலிருந்து அக்கா மகள் போனில் இப்படிச் சொன்னதும் கரன்ட் போய்விட்டதாக்கும் என்று நினைத்தேன். "கரன்ட்டெல்லாம் இருந்துச்சு. கேள்வி வர்றதுதான் நின்னுடுச்சு. பாஸா ஃபெயிலான்னே தெரியல" என்றாள். குரல் உடைந்திருந்தது. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, கவுன்சிலில் பதிந்து, இரவு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே எட்டு மாதம் படித்து எழுதிய பரீட்சை. உள்ளே போக பாஸ்போர்ட்தான் அடையாளம். வாட்ச் கூடாது. கணக்குப் போட்டுப் பார்க்க அழித்து எழுதும் பலகை ஒன்றும் மார்க்கரும் கொடுத்திருக்கிறார்கள். 150 கேள்வி வரை வரலாம் என்று தெரிந்துதான் போனாள். 85 முடிந்ததும் திரை போதும் என்று சொல்லிவிட்டது.

பரீட்சையின் பெயர் என்கிளெக்ஸ். அமெரிக்காவில் நர்ஸாகப் பதிவு பெற, அங்கேயே படித்தவர்களும் இதை எழுதித்தான் ஆகவேண்டும். 2015 முதல் கனடாவின் பெரும்பாலான மாகாணங்களும் இதையே வைத்துக்கொண்டன. வெளிநாட்டில் படித்த நர்ஸ்கள் பலரிடம் ஆஸ்திரேலியாவும் 2020 முதல் இதைக் கேட்கிறது. 2005இல் லண்டன், ஹாங்காங், சோல் நகரங்களில் தொடங்கி, அமெரிக்காவுக்கு வெளியேயும் எழுதலாம் என்று ஆனது. பிறகு நம் ஊருக்கும் வந்தது. புதிதாகப் படித்து முடித்த நர்ஸ்களின் ஹாஸ்டல்களில் இதைப் பற்றிப் பல நம்பிக்கைகள் உலவுகின்றன. 85இல் நின்றால் பாஸ் என்பார்கள். கடைசிக் கேள்வி கஷ்டமாக வந்தால் பாஸ் என்று இன்னொரு கட்சி.

இரண்டுமே பாதி உண்மை. அந்தப் பாதி எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் போய்த்தான் எனக்கு இந்தப் பரீட்சையின் மேல் ஒரு பிரமிப்பே வந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதில் மார்க் கிடையாது. எத்தனை சரி, எத்தனை தவறு என்று எண்ணி முடிவு சொல்வதும் இல்லை. கெட்டிக்காரப் பெண் ஒருத்தி ஏறக்குறைய பாதிக் கேள்விகளைத் தவறாக எழுதிவிட்டுப் பாஸாகிறாள். பக்கத்து நாற்காலியில் இருப்பவரும் ஏறக்குறைய பாதியைத் தவறாக எழுதி ஃபெயிலாகிறார். சென்டம், கட்-ஆஃப் என்றே வளர்ந்த நமக்கு இது அநியாயமாகப் படும். ஆனால் இதில் ஒரு பழைய மளிகைக்கடை நியாயம் இருக்கிறது.

எலெக்ட்ரானிக் தராசு வருவதற்கு முன்பு கடைக்காரர் ஒரு வெல்ல உருண்டையை எப்படி நிறுத்தார்? ஒரு தட்டில் வெல்லம், மறு தட்டில் ஒரு கிலோ படிக்கல். வெல்லத் தட்டு மேலே போனால் கல்லை எடுத்துவிட்டு அரைக் கிலோவை வைப்பார். இப்போது வெல்லம் கீழே இறங்கினால் கூட ஒரு இருநூறு கிராம். தராசுக்குத் தெரிந்த சொற்கள் இரண்டுதான்: கனம், லேசு. அந்த இரண்டை வைத்தே நாலைந்து தடவையில் எடை பிடிபட்டுவிடும். ஐந்து கிலோ கல்லையே பத்து முறை வைத்துப் பார்த்தாலும் எதுவும் தெரியாது. ஒவ்வொரு முறையும் வெல்லம் மேலேதான் நிற்கும்.

என்கிளெக்ஸில் கேள்விகள்தான் படிக்கற்கள். சரியாகச் சொன்னால் அடுத்தது கனமானது. தவறினால் லேசானது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு உங்கள் திறமையைப் புதிதாகக் கணித்து, நீங்கள் சரியாகச் சொல்லவும் தவறவும் சமவாய்ப்பு உள்ள கேள்வியாகப் பார்த்து எடுக்கிறது. நர்சிங்கின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் உரிய பங்கு வரவேண்டும் என்ற கணக்கும் கூடவே ஓடும். விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக முடியாது, திரும்பி வந்து திருத்தவும் முடியாது. வைத்த கல் வைத்ததுதான்.

படிக்கல் எப்படி ஏறுகிறது என்று பொட்டாசியத்தை வைத்துச் சொல்கிறேன் (இவை நான் எழுதிப் பார்த்த கேள்விகள், அங்கே வந்தவை அல்ல). ரத்தத்தில் பொட்டாசியத்தின் இயல்பான அளவு என்ன? முதலாண்டு மாணவியும் 3.5 முதல் 5 வரை என்று சொல்லிவிடுவாள். இது கால் கிலோக் கல். ஃபியூரோசமைடு மாத்திரை சாப்பிடும் நோயாளி கால் வலுவில்லை என்கிறார், எதைச் சோதிக்கச் சொல்வாய்? மாத்திரை சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும் என்பது தெரிந்திருக்க வேண்டும். இது அரைக் கிலோ. அதே மாத்திரையோடு இதயத்துக்கு டிகாக்சினும் எடுக்கும் பாட்டி ஒருவர் சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டுகிறது, விளக்கைச் சுற்றி மஞ்சளாக வட்டம் தெரிகிறது என்கிறார். காலை மாத்திரை கொடுக்கும் நேரம். முதலில் என்ன செய்வாய்?

இங்கேதான் கை தடுமாறும். இதயத் தசையின் செல்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மாற்றிக்கொடுக்கும் ஒரு பம்பு உண்டு. அதில் போய் ஒட்டிக்கொள்ள டிகாக்சினும் பொட்டாசியமும் போட்டி போடுகின்றன. பொட்டாசியம் குறைந்தால் போட்டியில்லை. வழக்கமான அளவு மருந்தே விஷமாகும். குமட்டலும் மஞ்சள் வட்டமும் அந்த விஷத்தின் அறிகுறிகள். ஆகவே மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டு, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து ஒரு முழு நிமிடம் இதயத் துடிப்பை எண்ணி, டாக்டருக்குச் சொல்ல வேண்டும். குமட்டலுக்கு மருந்து கேட்டு வாங்கிக் கொடுக்கிறேன் என்பவர் நல்ல மனசுக்காரர்தான். பாட்டிதான் பிழைக்க மாட்டார்.

தராசு பொய் சொல்லாது. மனிதரின் பதில் சொல்லும். தெரியாதவர் குருட்டாம்போக்கில் சரியானதைத் தொடுவார், தெரிந்தவர் தூக்கக் கலக்கத்தில் தவறுவார். ஆகவே ஒரு பதிலை நம்ப முடியாது. வாய்ப்புகளைத்தான் கணக்குப் போட முடியும். அந்தக் கணக்கைத் தந்தவர் டென்மார்க்கின் கணித அறிஞர் கியோர்க் ராஷ். 1960இல் கோபன்ஹேகனில் வெளியான அவருடைய புத்தகம், ஆளின் திறமையையும் கேள்வியின் கடினத்தையும் ஒரே அளவுகோலில் அடுத்தடுத்து நிறுத்தியது. ஆளும் கேள்வியும் ஒரே உயரத்தில் இருந்தால் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 50 சதவீதம். அந்த அளவுகோலின் அலகுக்கு லாஜிட் என்று பெயர். ஆள் ஒரு லாஜிட் மேலே நின்றால் வாய்ப்பு 73 சதவீதம், இரண்டு லாஜிட் மேலே என்றால் 88. கீழே நின்றால் 27, 12. பாஸ் கோடும் அதே அளவுகோலில் வரையப்பட்ட ஒரு புள்ளிதான். 2013இல் அதை 0.00 லாஜிட்டில் வைத்தார்கள். பல வருடம் அங்கேயே இருந்தது.

சரி, கேள்வியின் கனம் எப்படித் தெரியும்? படிக்கல்லுக்கு முத்திரை குத்துவது யார்? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். குறைந்தபட்சமான அந்த 85 கேள்விகளில் 15 கணக்கிலேயே சேராது. அவை புதுக் கேள்விகள். எது அவை என்று எழுதுபவருக்குத் தெரியாது, கண்டுபிடிக்கவும் முடியாது. அக்கா மகள் வியர்த்துக்கொண்டு பதில் தேடியபோது, கணினி அவளை அளந்ததோடு அவளை வைத்து அந்தப் பதினைந்தையும் அளந்துகொண்டிருந்தது. இப்படி ஏராளமான பேர் பதில் சொன்ன பிறகே ஒரு கேள்விக்கு முத்திரை விழும். பாரபட்சமும் இங்கேயே சலித்தெடுக்கப்படுகிறது. சம திறமையுள்ள இரு பிரிவினரில் ஒரு பிரிவு மட்டும் ஒரு கேள்வியில் அதிகமாகத் தவறினால், அந்தக் கேள்வியைத் தனியே எடுத்து ஆராய்கிறார்கள். பொட்டாசியம் நிறைந்த உணவு எது என்று கேட்டு இளநீரை விருப்பங்களில் போட்டால் நம் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு தொடுவார்கள். கேன்டலூப் முலாம்பழத்தைப் போட்டால் முழிப்பார்கள். அது நர்சிங் தெரியாததால் அல்ல.

இனி அந்த 85 விஷயம். கேள்விகள் ஏற ஏற கணிப்பிலுள்ள தடுமாற்றம் குறைகிறது, ஆனால் மெதுவாக. தடுமாற்றத்தைப் பாதியாக்க நாலு மடங்கு கேள்விகள் வேண்டும். ஆளுக்கேற்ற கேள்வி கொடுத்தால், தடுமாற்றம் ஏறக்குறைய 2ஐக் கேள்வி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவு. கணக்கில் சேரும் 70 கேள்வி முடிந்ததும் அது கால் லாஜிட்டுக்குச் சற்றுக் குறைவு. இப்போது இயந்திரம் ஒரு கேள்வி கேட்கிறது: இந்த ஆள் கோட்டுக்கு மேலே என்றோ கீழே என்றோ 95 சதவீத உறுதியோடு சொல்ல முடியுமா? முடிந்தால் கதை முடிந்தது, திரை நிற்கும். முடியாவிட்டால் இன்னொரு கேள்வி, இன்னொன்று, 150 வரை. அங்கும் உறுதி வராவிட்டால் கடைசிக் கணிப்பு கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். ஐந்து மணி நேரத்துக்குள் 85ஐயே முடிக்காதவர் ஃபெயில்.

ஆக, 85இல் நின்றால் கோட்டைவிட்டு நன்றாக விலகி நிற்கிறீர்கள் என்று மட்டுமே பொருள். எந்தப் பக்கம் என்று அது சொல்லாது. கடைசிக் கேள்வி கஷ்டமாக இருந்தால் நல்லது என்பதிலும் ஓரளவு நியாயம் உண்டு, ஏனெனில் உயர்ந்தவருக்குத்தான் கனமான கல் வரும். ஆனால் எது கனம் என்று எழுதுபவரே எடை போட முடியுமா? தெரிந்த விஷயம் சுலபமாகத்தான் தோன்றும். தவிர, அது கணக்கில் சேராத பதினைந்தில் ஒன்றாகவும் இருந்து தொலைக்கலாம்.

போதுமான சாட்சி கிடைத்ததும் நிறுத்து என்ற இந்த யோசனை ஆஸ்பத்திரியில் பிறக்கவில்லை, போரில் பிறந்தது. குண்டு நல்லதா என்று தெரிய அதை வெடித்துத்தான் பார்க்க வேண்டும். வெடித்துவிட்டால் குண்டு இல்லை. எத்தனையை வீணடிப்பது? 1943இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் போர்க்காலப் புள்ளியியல் குழுவில் இருந்த ஆபிரகாம் வால்ட், எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவு செய்யாதே என்றார். ஒவ்வொன்றாக வெடித்துப் பார். ஒவ்வொரு முறையும் ஏற்கலாமா, தள்ளலாமா, இன்னும் ஒன்று பார்க்கலாமா என்று கேள். இதற்கான கணக்கை எழுதித் தந்தார். என்கிளெக்ஸின் விதி அப்படியே அவருடைய சூத்திரம் அல்ல, ஆனால் அதே குடும்பத்துப் பிள்ளை. நாஜிகளுக்குத் தப்பி வியன்னாவிலிருந்து அமெரிக்கா போன வால்ட், 1950இல் இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவுகளுக்காக இங்கே வந்தார். அந்த டிசம்பரில் அவர் போன விமானம் நீலகிரியில் ரங்கசாமி தூண் பக்கம் மலையில் மோதியது. அவரும் மனைவியும் அதில் இறந்துபோனார்கள். கோத்தகிரிப் பக்கம் போகிறவர்கள் அந்தப் பாறைத்தூணைப் பார்த்திருப்பீர்கள். எனக்கும் அது வெறும் வியூ பாயின்ட்டாகத்தான் இருந்தது.

1994 ஏப்ரல் வரை என்கிளெக்ஸும் நம் ஊர்ப் பரீட்சை மாதிரிதான்: வருடத்துக்கு இரண்டு முறை, பெரிய ஹால், பேப்பர், பென்சில், இரண்டு நாள். எல்லாருக்கும் ஒரே கல். கணினிக்கு மாறியபின் ஆளுக்கொரு வினாத்தாளாகிவிட்டது. 2023 ஏப்ரலில் இன்னொரு மாற்றம் வந்தது. ஒரு நோயாளியின் கதையை நீளமாகக் கொடுத்து அதன்மேல் ஆறு கேள்விகள். எது கவனிக்க வேண்டிய அறிகுறி, அதற்கு என்ன அர்த்தம், எது முதலில், என்ன செய்யலாம், எதைச் செய்வாய், செய்தது பலித்ததா? மூன்று கதைகளாவது கட்டாயம் வரும். நல்ல வார்டு சிஸ்டர் மனசுக்குள் ஒரு நிமிடத்தில் ஓட்டிப் பார்ப்பதை ஆறாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.

இந்த இயந்திரத்துக்குக் கை தெரியாது என்பது என் குறை. சுருங்கிப்போன கிழவரின் கையில் ரத்தக்குழாயைத் தேடிப் பிடிக்கும் விரல்களை இது எப்படி அளக்கும்? அளக்காது. பிரிட்டன் அதற்கு வேறு வழி வைத்திருக்கிறது. எழுத்துத் தேர்வு முடித்தபின் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. பத்து நிலையங்கள், மணி அடித்ததும் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர வேண்டும். ஸ்காட்லாந்தின் டன்டீயில் ரொனால்ட் ஹார்டனும் சகாக்களும் 1975இல் மருத்துவ மாணவர்களுக்காக வெளியிட்ட முறை அது. நர்ஸுக்கு இரண்டும் வேண்டும் என்பேன்.

ஃபெயிலானாலும் மார்க் வராது. எந்தெந்தப் பகுதியில் கோட்டுக்கு மேலே, பக்கத்தில், கீழே என்று ஒரு தாள் தருவார்கள். பெரும்பாலும் 45 நாள் கழித்துத் திரும்ப எழுதலாம். பாஸானாலும் உடனே விமானம் ஏற முடியாது. ஆங்கிலத் தேர்வு, கல்லூரி, கவுன்சில் சான்றுகளின் சரிபார்ப்பு, விசா வரிசை என்று வருடக்கணக்கில் இழுக்கும். அதெல்லாம் கணக்கில் வராத காத்திருப்பு.

அவள் எழுதி முடித்த அன்று மாலைக்குள் உறவில் நாலு பேர் கூப்பிட்டு "எத்தனை கேள்வி வந்துச்சு?" என்று கேட்டுவிட்டார்கள். அதில் நானும் ஒருவன். உங்கள் வீட்டிலும் இதை எழுதும் பெண்ணோ பையனோ இருந்தால் அதைக் கேட்காதீர்கள். அந்த எண்ணில் விடை இல்லை. சாப்பிட்டாயா என்று கேளுங்கள். காலையில் பயத்தில் பாதி இட்லியோடு போயிருப்பார்கள்.