மரப் பெரணியை வீட்டில் விருத்தி செய்யும் முறை

பழனி மலைச் சோலைகளின் ஓடையோரங்களில் பனைபோலத் தலைவிரித்து நிற்கும் மரப் பெரணியை அம்மலையில் நிலம் வைத்திருப்போர் யாவரும் கண்டிருப்பர். அதை வீட்டு வாயிலில் வைக்க விரும்புவதும் இயல்பே. எனினும், வளர்ந்த மரத்தைப் பெயர்த்து வந்து நடுவது வீண் வேலை. அதற்கு வளர்முனை ஒன்றே உண்டு. அது கெட்டால் பக்கத்தில் துளிர்க்காது. வேரறுந்து வெயில் கண்ட மரம் பிழைப்பதும் அரிது. அன்றியும், 2013-ஆம் ஆண்டில் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டுள்ளது. சரணாலயத்தினுள் செடிகளைப் பறிப்பதும் பெயர்ப்பதும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். கிராம அதிகாரிகள் இதைக் குடிகளுக்கு அறிவித்தல் நலம்.

பெரணிக்குப் பூவுமில்லை, விதையுமில்லை. இலையின் அடிப்புறத்திலுள்ள சிறு புள்ளிகளில் வித்துத்தூள் உண்டாகிறது. தம் பட்டா நிலத்திலுள்ள மரத்தில் புள்ளிகள் பழுப்பேறும் தருணம் பார்த்து ஓர் இலைத்துண்டை மட்டும் கொய்து, காகிதத்தில் மடித்து இரண்டு நாள் உலர வைத்தால், மூக்குப்பொடி போன்ற தூள் உதிரும். பச்சையான புள்ளியும், தூள் கொட்டிப்போன வெறும் புள்ளியும் பயன்படா. பலர் தோல்வியுறுவது இவ்விடத்தில்தான்.

மண்சட்டியில் மக்கிய இலைமண்ணும் மணலும் கலந்து நிரப்பிக் கொதிநீரை ஊற்றி ஆறவிடுக. இன்றேல் பாசியும் பூஞ்சணமும் முந்திக்கொள்ளும். அதன்மேல் தூளை மிகச் சிறிதளவே தூவி, கண்ணாடியால் மூடி, நிழலில் வைக்கவேண்டும். மேலிருந்து நீர் ஊற்றலாகாது. சட்டியை நீருள்ள தட்டில் வைத்தால் மண் தானே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழைநீர் உத்தமம்.

சில வாரங்களில் மண்மேல் பச்சை படரும். அது பாசியன்று, பின்னர் அது இதய வடிவான, நகத்தினும் சிறிய தகடுகளாகும். ஆண் அணுக்கள் பெண் அணுவை நீரில் நீந்தியே சேரவேண்டியிருப்பதால், இச்சமயத்தில் ஈரம் ஒருநாளும் குறையலாகாது. நெருக்கமாகத் தூவினால் தகடுகள் பெரும்பாலும் ஆணாகவே நின்றுவிடும். ஆகையால்தான் சிறிதளவு என்றோம்.

இரண்டு மூன்று இலை விட்டபின் கன்றுகளைத் தனித்தனிச் சட்டிக்கு மாற்றிக் கண்ணாடியைச் சிறிது சிறிதாக விலக்குக. மேல்மலையில் மார்கழி, தை மாதத்து உறைபனி இளங்குருத்தைக் கருக்கிவிடும். இரவில் கூரையடியில் வைத்தல் அவசியம். அடிமரம் தோன்றப் பல ஆண்டுகள் செல்லும். அவசரக்காரருக்கு இது ஏற்ற செடியன்று.

ஆங்கியாப்டெரிஸ் என்னும் பெரும் பெரணியை வளர்ப்போருக்கு எளிய வழி ஒன்றுண்டு. அதன் இலைக்காம்பின் அடியிலுள்ள சதைப்பற்றான செதிலைப் பிரித்து ஈரமணலில் பாதி புதைத்து நிழலில் வைத்தால், சில மாதங்களில் அதிலிருந்தே முளை கிளம்பும்.