முத்துப் பங்கீட்டில் ஒரு புதிர்

தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனால் முத்து வியாபாரிகளின் பழைய விலைமுறை நமக்கு நல்லதொரு கணக்கை விட்டுச் சென்றிருக்கிறது.

மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் முத்துகளைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. முதல் சல்லடையில் 20 கண்கள், கடைசியில் 1000. கண்கள் பெருகப் பெருகத் துளை சிறுக்கும். சலித்த முத்துகளை மஞ்சாடி எடை போட்டு மதிப்பிடுவார்கள். மதிப்பு எடையின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். 1 மஞ்சாடி முத்து ஒரு ரூபாய் என்றால், அதே நிறமும் உருட்சியும் கொண்ட 2 மஞ்சாடி முத்து 4 ரூபாய். 3 மஞ்சாடி முத்து 9 ரூபாய். பெரிய முத்து அத்தனை அரிது! விட்டம் இருமடங்கானால் எடை 8 மடங்கு, விலையோ 64 மடங்கு.

இப்போது புதிருக்கு வருவோம். அண்ணன் தம்பி இருவரிடம் 1 முதல் 8 மஞ்சாடி வரை எட்டு முத்துகள் உள்ளன. ஆளுக்கு நான்கு முத்து. எடையும் சமம், விலையும் சமம். எப்படிப் பிரிப்பது?

அண்ணன் 1, 8, 4, 5 ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறார். தம்பிக்கு 2, 7, 3, 6. இருவருக்கும் 18 மஞ்சாடி. "சரிதானே தம்பி?" தம்பி வர்க்கங்களைக் கூட்டிப் பார்க்கிறான். "அண்ணே, உங்கள் பங்கு 106 ரூபாய், என் பங்கு 98 ரூபாய்தான்!"

நான்கு நான்காகப் பிரிக்க 35 வழிகள் உண்டு. ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஆனால் அது பொறுமைக்குச் சான்றே தவிர யோசனைக்கு அல்ல. அந்த 8 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

முதல் நான்கு முத்துகளை மட்டும் எடுங்கள். 1, 4 அண்ணனுக்கு: 1 + 16 = 17. 2, 3 தம்பிக்கு: 4 + 9 = 13. அண்ணனுக்கு 4 ரூபாய் மிகுதி. அடுத்த நான்கில் 5, 8 அண்ணனுக்கு: 25 + 64 = 89. 6, 7 தம்பிக்கு: 36 + 49 = 85. இங்கும் அதே 4! அடுத்தடுத்த எந்த நான்கு எண்களை எடுத்தாலும் ஓரங்களின் வர்க்கங்கள் நடு எண்களின் வர்க்கங்களைவிட 4 கூடுதலாகவே இருக்கும். (9, 10, 11, 12-இல் சோதித்துப் பாருங்கள்.)

ஆகவே இரண்டாம் நான்கில் மட்டும் கை மாற்றினால் போதும். அண்ணனுக்கு 1, 4, 6, 7. தம்பிக்கு 2, 3, 5, 8. எடை 18, 18. விலை 102, 102. பிழையை ஆராய்ந்ததே விடையைத் தந்துவிட்டது.

இந்தக் கைமாற்று உத்தி எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 1851-இல் புரூஏ என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் காட்டினார். 1 முதல் 16 வரையுள்ள எண்களை இதே வழியில் எட்டு எட்டாகப் பிரித்தால், கூட்டுத்தொகையும் வர்க்கங்களின் தொகையும் மட்டுமல்ல, கனங்களின் தொகையும் சமமாகிவிடும். முதல் எட்டு எண்கள் மேலே உள்ளபடியே இருக்கட்டும். 9 முதல் 16 வரை யாருக்கு எது என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள்.