புத்தகம் பார்த்து வண்டி வைத்தியம்

கும்மிடிப்பூண்டி தாண்டி, எளாவூருக்கு அடுத்த ஸ்டேஷன் ஆரம்பாக்கம். பெயரில்தான் ஆரம்பம், உண்மையில் தமிழ்நாடு முடிகிற இடம் அது. இன்னும் ஒரு ஸ்டேஷன் போய்த் தடாவில் இறங்கினால் ஆந்திரா. கடைத்தெருவில் தமிழில் விலை கேட்டால் தெலுங்கில் பதில் வரும். தெலுங்கில் பேரம் பேசினால் தமிழில் திட்டு விழும். அந்த ஊரில்தான் என் அக்கா குடித்தனம் நடத்துகிறாள்.

சென்ற முறை நான் போனபோது வாசலில் வேடிக்கையான காட்சி ஒன்று கண்டேன். அத்தானின் ஆம்னி வேன் பின்சக்கரங்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரும்பு முக்காலிகள் மேல் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. அத்தான் தரையில் சாக்கை விரித்துப் படுத்திருந்தார். பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர் பெண், திண்ணையில் தடிப் புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, ராமாயணம் வாசிப்பது போல் உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் ஆசனத்தில், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி, அக்கா!

"வா தம்பி. உள்ளே ஃப்ளாஸ்கில் காப்பி இருக்கு, நீயே ஊற்றிக்கோ. நான் எழுந்து வரமுடியாது. காலை எடுத்தால் காற்றுப் புகுந்துவிடுமாம்!" என்றாள்.

விஷயம் என்னவென்று காப்பி குடித்தபின்தான் விளங்கிற்று.

இந்த ஆம்னியைப் பற்றி நேயர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1984ல் 'மாருதி வேன்' என்று வந்து, 1988ல் 'ஆம்னி' என்று பெயர் சூட்டிக்கொண்டு, 2019ல் உற்பத்தி நிற்கும் வரை நம் ஊர்களில் அது சுமக்காத சுமை இல்லை. பள்ளிக் குழந்தைகள், கல்யாணச் சீர்வரிசை, காய்கறி மூட்டை, நோயாளி, எல்லாம் அதில் ஏறியிருக்கின்றன. 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சின் முன் ஆசனத்துக்கு அடியில் இருக்கும். சித்திரை மாதத்தில் ஓட்டுகிறவர், அடைகாக்கும் கோழிக்கு நேர் எதிரான அனுபவத்தைப் பெறுவார். கீழே இருப்பதுதான் மேலே இருப்பவரைச் சூடாக்கும்.

அத்தானுடைய வண்டி 2009ஆம் வருஷத்தது. இரண்டாம் கையாக வாங்கியது. பதினைந்து வருஷம் முடிந்து, பரிசோதனைக்குக் காட்டி, ஐந்து வருஷத்துக்குப் பதிவைப் புதுப்பித்தாயிற்று. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை தோன்றியதாம். சென்னை சென்டிரல் பக்கம் பழைய புத்தகக் கடையில், கிரீஸ் கறை படிந்து, அட்டை கிழிந்து கிடந்த சர்வீஸ் மானுவலை வாங்கி வந்தார்.

வண்டியோடு கொடுக்கும் சிறு புத்தகம் வேறு, இது வேறு. அது 'சாவியை இப்படித் திருப்புங்கள்' என்று நமக்குச் சொல்லும். இது பட்டறைக்காரனுக்காகத் தொழிற்சாலை எழுதியது. எந்தத் திருகை எத்தனை பலத்தில் முறுக்குவது, எந்தப் பாகம் எவ்வளவு தேய்ந்தால் தூக்கி எறிவது என்றெல்லாம் அளவு கொடுத்திருக்கும். எழுதியவர் வாசகரிடம் வைத்திருக்கும் நம்பிக்கையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. ஒரு பாகத்தைக் கழற்ற இரண்டு பக்கம் விவரித்துவிட்டு, மாட்டுவதற்கு ஒரே வரி: கழற்றியதற்கு நேர்மாறாக மாட்டவும்! 'பக்குவமாக இறக்கவும்' என்று முடிக்கிற பாட்டியின் மைசூர்பாகுக் குறிப்புதான் என் நினைவுக்கு வந்தது.

இந்த அவஸ்தையைப் பட்டவர்கள் உலகம் எங்கும் உண்டு. ஜான் ஹெய்ன்ஸ் என்ற ஆங்கிலேயர் விமானப் படையில் ஏடனில் இருந்தபோது, 1965ல், நண்பருடைய சிறிய ஆஸ்டின் காரைப் பிரித்துக் கட்ட உதவினார். தொழிற்சாலையின் புத்தகம் சாமானியனுக்கு உதவாது என்று கண்டு, தாமே கழற்றிக் கழற்றிப் படம் பிடித்து, அடுத்த வருஷமே புத்தகம் போட்டுவிட்டார். பிறகு அதுவே பெரிய வியாபாரமாயிற்று. அமெரிக்காவில் ஜான் மியூர் என்ற எஞ்சினீயர் 1969ல் ஃபோக்ஸ்வேகன் வண்டிக்காரர்களுக்காக எழுதினார். ஒன்றும் தெரியாத முட்டாளுக்கு என்று தலைப்பிலேயே பச்சையாகப் போட்டார். ஆம்னிக்கு அப்படித் தமிழில் எழுத யாரும் வாய்க்காததால், எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புக்காரி மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டாள்.

அவள் செய்த முதல் காரியம், புத்தகத்தில் வரும் மூன்று எச்சரிக்கைகளைப் பிரித்து வர்ணம் பூசியது. ஆளுக்கு அபாயம் என்று சொல்லும் இடம் சிவப்பு; வண்டிக்குச் சேதம் என்பது மஞ்சள்; வெறும் குறிப்புக்குப் பச்சை. அத்தான் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஃபிட்டர். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த கை. ஆனாலும் சிவப்புக் கோடு வந்தால் மகள் இரண்டு தரம் படித்துக் காட்டாமல் அவர் கை வைப்பதில்லை.

சின்ன வேலைகளில் ஆரம்பித்தார்கள். கிழக்கே பழவேற்காடு ஏரி, உப்புக் காற்று. பாட்டரி முனைகளில் வெண்மையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. முதலில் நெகடிவ் கம்பியைக் கழற்று, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டு என்கிறது புத்தகம். காரணம் எளிது. நெகடிவ், வண்டியின் உடம்போடு சேர்ந்தது. அதை விட்டுவிட்டுப் பாசிடிவில் கை வைத்தால், ஸ்பானர் நழுவி இரும்பில் பட்டதும் பொறி பறக்கும். அடுக்களையிலிருந்து காணாமற்போன ஆப்ப சோடா தண்ணீரில் கரைந்து அந்தப் பூப்பைக் கழுவப் போனது என்பது அக்காவுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்ததாம்.

ஆனால் நான் பார்த்தது பிரேக் சமாசாரம். இது விளையாட்டல்ல.

மறுநாள் அத்தானின் தாயாரைக் கண் ஆஸ்பத்திரிக்குச் சென்னைக்கு அழைத்துப் போக வேண்டும். கல்கத்தா வரை போகிற அந்த நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஐம்பது அறுபது கிலோமீட்டர். நான்கு நாளாகவே பெடல் மிதித்தால் பஞ்சு போல அமுங்கியது. பிரேக் ஆயில் டப்பாவில் கோடு இறங்கியிருந்தது. தெருமுனை மெக்கானிக் இரண்டு முறை ஊற்றி நிரப்பிக் கொடுத்தார். நல்ல மனுஷர். "பழைய வண்டி அண்ணே, கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும்" என்றார்.

புத்தகம் குடிக்காது என்கிறது. லைனிங் தேயத் தேயக் கோடு மெல்ல இறங்கலாம். வாரத்துக்கு இரண்டு தடவை நிரப்ப வேண்டியிருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. ஒழுகும் இடத்தைத் தேடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால், ஒருநாள் மிதிக்கும்போது கீழே ஒன்றும் இராது. பெண் அந்தப் பக்கத்தைப் படித்ததும், அத்தான் சாவியை எடுத்துப் பரண் மேல் வைத்துவிட்டார். "ஆத்தா நாளைக்கு ரயிலில் வரட்டும்" என்றார். கிழவி சற்று முணுமுணுத்தாள்.

பின்சக்கர டிரம்மைக் கழற்றியதும் குட்டு வெளிப்பட்டது. உள்ளே சிலிண்டரின் ரப்பர் வயசாகி இளகி, லைனிங் முழுவதும் நனைந்திருந்தது. நான் அந்த டிரம்முக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். வழவழவென்று, வாழைத்தண்டைத் தொட்டாற்போல் இருந்தது. அந்த வழவழப்பை நம்பியா இத்தனை நாள் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம் என்று அக்கா கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.

அத்தான் மெக்கானிக்கையே வீட்டுக்கு வரவழைத்தார். புதுச் சிலிண்டர், புது லைனிங் மாட்டியது அவர்தான். மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவப் போனபோது மட்டும் பெண் "அண்ணே, மஞ்சள் கோடு!" என்று கத்தினாள். மண்ணெண்ணெய், பெட்ரோல் எல்லாம் பிரேக் ரப்பரை ஊதவைத்துவிடுமாம். பிரேக் ஆயிலாலேயே கழுவ வேண்டும். அதுவும் சீல் உடைக்காத புது டப்பா. அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கிற சரக்கு. டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் 140 டிகிரி இருந்தால் போதும் என்று அந்த விதியே இறங்கி வருகிறது. ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் மறுபடி பஞ்சுதான்.

பிறகு குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுகிற படலம். அதற்குத்தான் அக்கா ஆசனத்தில் ஏறியிருந்தாள். "அழுத்து" என்றால் அழுத்த வேண்டும். கீழே அத்தான் திருகைத் தளர்த்துவார். கண்ணாடிப் புட்டிக்குள் ஆயிலோடு குமிழிகள் வரும். திருகை மூடியபிறகே "விடு" என்பார். அதற்கு முன் காலை எடுத்தால், வெளியே போன காற்று திரும்பி உள்ளே புகும். குமிழி நிற்கும் வரை சுமார் அரை மணி இந்தப் பாடம் நடந்தது. "இருபது வருஷத்தில் நான் சொன்னபடி இவள் கேட்டது இன்றைக்குத்தான் மச்சான்" என்று வண்டிக்கடியிலிருந்து குரல் வந்தது. "திருகு இன்னும் மூடலை, வாயை மூடுங்க" என்று மேலிருந்து பதில் போயிற்று.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்று அத்தான் நினைப்பதில்லை. தொழிற்சாலையின் விசேஷக் கருவி படம் போட்டிருக்கும் பக்கம் வந்தால் புத்தகத்தை மூடிவிடுவாராம். கியர் பெட்டிப் பக்கமே போவதில்லை. ஆனால் சக்கர நட்டுகள் நான்கையும் குறுக்கும் நெடுக்குமாக, சொன்ன அளவில், டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முறுக்குகிறார். இரும்புக் குழாயைச் சொருகி ஏறி மிதித்து முறுக்குகிற வழக்கம் அந்த வீட்டில் ஒழிந்துவிட்டது.

சாயங்காலம் ரயில்வே கேட் வரை வண்டியை மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். பெடல் கல் மாதிரி நின்றது. பெண் நாற்பது பக்க நோட்டில் தேதி, கிலோமீட்டர், செலவு எல்லாம் எழுதிக்கொண்டாள்.

மெக்கானிக் கை கழுவிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டினார். "இதை ரெண்டு நாளைக்குக் கொடு பாப்பா. இன்னும் நாலு ஆம்னி என்கிட்ட வருது" என்றார்.

"புத்தகம் வெளியே போகாது அண்ணே. வேண்டிய பக்கத்தைப் போட்டோ எடுத்துக்குங்க. இங்கிலீஷ் புரியலேன்னா ஞாயிற்றுக்கிழமை வாங்க" என்றாள் என் அக்கா பெண்.