ஒரு மூட்டைச் சாமைக்குள் இருக்கும் வேலைகள்

கொல்லிமலையில் அறுத்த சாமை, மூட்டையாகி 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அடிவாரத்துக் காரவள்ளியில் இறங்குகிறது. பிறகு ஏதோ ஒரு நகரத்துக் கடையில் அரைக்கிலோ பொட்டலமாக உட்காருகிறது. இடையில் அதை யார் யார் சோதித்தார்கள் என்று விசாரித்துக்கொண்டே போனால், மலையிலிருந்து இறங்கி பி.எஸ்சி. படித்த பிள்ளைகளின் வீட்டில் எழும் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்: "வாத்தியார் வேலை கிடைக்காவிட்டால் இந்தப் படிப்புக்கு வேறு என்ன இருக்கிறது?"

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 15 வகைச் சிறுதானியங்களுக்குப் பொதுவான தர வரையறையை 2023 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஈரப்பதம், பிற தானியக் கலப்பு, வண்டு துளைத்த மணி, முதிராத மணி, யூரிக் அமிலம் உள்ளிட்ட எட்டு அளவுகள் அதில் உண்டு. சாமையில் யூரிக் அமிலத்துக்கு என்ன வேலை? பூச்சிகள் நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றும் என்று விலங்கியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். வண்டைச் சலித்து எடுத்துவிடலாம், அது கழித்துவிட்டுப் போனதைச் சலிக்க முடியாது. கிடங்கில் வண்டு விழுந்த தானியத்தைச் சுத்தம் செய்து புதுசுபோல விற்கப் பார்த்தாலும் இந்த ஓர் எண் காட்டிக் கொடுத்துவிடும். தேர்வு முடிந்ததும் மறந்துபோன ஒரு வரி, ஆலையில் ஒருவருக்கு அன்றாட வேலையாக இருக்கிறது.

ஈரப்பதத்தை எடுத்துக்கொள்வோம். அரைத்த சாமையில் 10 கிராம் எடுத்து, லேப் ஓவனில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்துகிறோம். மிஞ்சியது 8.8 கிராம் என்றால் ஈரம் 12 சதவீதம். கணக்கு இவ்வளவுதான். ஆனால் ஓவனிலிருந்து எடுத்த கிண்ணத்தைச் சூட்டோடு தராசில் வைத்தால் எடை தவறும். மேசைமேல் ஆறவிட்டால், அதுவும் மூடுபனி இறங்கும் ஊரில், காற்றின் ஈரத்தை அது மறுபடி குடித்துவிடும். அதனால்தான் ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்து மூடிய டெசிக்கேட்டருக்குள் ஆறவைக்கிறார்கள். நேர்முகத் தேர்வில் "டெசிக்கேட்டர் எதற்கு?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் படம் வரைந்து பாகம் குறிக்கத் தயாராக இருக்கிறார்கள். கேட்பவர் எதிர்பார்ப்பதோ, அது இல்லாவிட்டால் எண் எந்தப் பக்கம் தவறும் என்ற பதிலை.

நிறுவனம் சம்பளம் கொடுப்பது அந்த எண்ணை நம்பலாம் என்ற உறுதிக்குத்தான். இது புரிந்துவிட்டால் மற்ற திறமைகள் எல்லாம் எதற்கு என்பது தானே விளங்கும்.

முதலில், மாதிரி எடுப்பது. நூறு மூட்டை லோடு வந்தால் மேலே இருக்கும் இரண்டு மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்ப்பது வியாபாரியின் அவசரம். லேப்காரர் அடியிலும் நடுவிலும் எடுத்து, கலந்து, குவித்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பங்குகளை வைத்துக்கொண்டு மீண்டும் பகுப்பார். மாதிரி தவறினால் லட்ச ரூபாய்க் கருவி கொடுக்கும் விடையும் தவறுதான்.

அடுத்தது எழுதி வைப்பது. ரெக்கார்ட் நோட்டில் தப்பை வெள்ளை மை பூசி மறைத்துப் பழகியவர்களுக்கு இது கடினம். ஆலையில் தவறான எண்ணை ஒற்றைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். அடித்ததும் படிக்கத் தெரிய வேண்டும். ஆடிட்டுக்கு வருபவர் முதலில் தேடுவது அழித்த இடங்களைத்தான். மருந்து ஆலையில் கண்ணில் பட்டதை உடனே எழுதாமல் மாலையில் நினைவிலிருந்து நிரப்புவதே குற்றமாகக் கருதப்படும். தராசு எப்போது கேலிபரேஷன் செய்யப்பட்டது, யார் செய்தது என்பதும் அந்தப் பதிவேட்டில் சேரும். சோதனைக் கூடங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 என்ற தரமுறை இந்த ஒழுக்கத்தைத்தான் விரித்துப் பேசுகிறது. இதைப் பற்றி ஒரு மணி நேரம் படித்துவிட்டுப் போகிறவர், எல்லாப் பாடத்திலும் முதல் வகுப்பு வாங்கியவரைத் தாண்டிப் போவதற்கு வாய்ப்பு அதிகம்.

வேலை சாமையோடு நின்றுவிடவில்லை. கொல்லிமலையின் மரவள்ளிக்கிழங்கு சேலத்து ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளுக்குப் போகிறது. அங்கே மாவுச்சத்து அளவு, சாம்பல், அமிலத்தன்மை, பாகுநிலை பார்க்க வேதியியல் படித்தவர் வேண்டும், கழிவுநீரைச் சோதிக்கவும் ஆள் வேண்டும். மலையடிவாரத்துக்கு அப்பால் நாமக்கல் முழுக்கக் கோழிப்பண்ணை. மக்காச்சோளத் தீவனத்தில் பூஞ்சை நஞ்சு இருக்கிறதா, முட்டையில் சால்மோனெல்லா இருக்கிறதா என்பது நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் படித்தவர்களின் வேலை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே தீவனப் பகுப்பாய்வுக் கூடம் ஒன்று இயங்குகிறது. இயற்பியல் படித்தவர்களுக்குக் கருவி பராமரிப்பும் கேலிபரேஷன் கூடங்களும் நல்ல வழி, ஆனால் அதைக் கல்லூரியில் யாரும் சொல்வதில்லை. தாவரவியலுக்கு விதை நிறுவனங்கள் உண்டு, மூலிகை மருந்து ஆலைகளில் சரக்கு அடையாளம் காணும் பணியும் உண்டு. இன்னும் தள்ளிப் போகத் தயார் என்றால் திருப்போரூருக்குப் பக்கத்தில் ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டை இருக்கிறது.

கல்லூரியில் ஐந்து பேருக்கு ஒரு பியூரெட், அதில் ஒருவர் செய்ய நால்வர் விடையைப் பார்த்து எழுதுவது என்று மூன்று ஆண்டு ஓடிவிடுகிறது. இது மாணவர்களின் குற்றமே இல்லை. ஆனாலும் வேலைக்குப் போகுமுன் கை பழகியாக வேண்டும். கெட்டியான அமிலத்திலிருந்து 0.1 நார்மல் கரைசல் 250 மில்லி தயாரிக்கத் தாளும் பேனாவும் வைத்துக் கணக்குப் போடத் தெரிய வேண்டும். ஒரே சோதனையை மூன்று முறை செய்து, சராசரியும் விலக்கமும் எக்செல்லில் போடத் தெரிய வேண்டும். அறிக்கை ஆங்கிலத்தில்தான் இருக்கும். பத்து வரி பிழையில்லாமல் எழுதினால் போதும், சரளமாகப் பேச வராது என்று பயந்து ஒதுங்க வேண்டாம்.

"நூறு சதவீத வேலை" என்று விளம்பரம் செய்யும் சான்றிதழ் படிப்புகளில் பெருந்தொகை கட்டிச் சேருமுன், தொழிற்பழகுநர் வழியைப் பாருங்கள் என்பேன். மத்திய அரசின் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம் இப்போது பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் திறந்திருக்கிறது. அதை நடத்தும் தென்மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. வழக்கமாக ஓராண்டு, உதவித்தொகையோடு கருவியில் கை வைக்கலாம். கல்லூரியில் இருப்பவர்களுக்குத் தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டம் உண்டு. தொடக்கச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், ஷிப்டும் இருக்கும். வீட்டை விட்டு வரும் பெண்கள் விடுதி, இரவு வண்டி பற்றி வேலையில் சேருமுன்பே கேட்டுவிடுங்கள். கேட்டதால் யாராவது வேலை தர மறுத்தால், அந்த இடம் உங்களுக்கு வேண்டாம்.

விண்ணப்பத்தில் மலைப் பிள்ளைகள் எழுதாமல் விடுவது ஒன்று உண்டு. வெள்ளைப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, மல்லியசாமை, திரிகுலாசாமை என்று கொல்லிமலையில் சாமையே பல இனம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே இவற்றைத் திரட்டிக் காக்கும் வேலையைச் செய்துவருகிறது. உங்கள் ஆயா கையில் அள்ளிப் பார்த்து எந்த இனம், எந்தப் பக்குவம் என்று சொல்லிவிடுவார். அவரிடம் உட்கார்ந்து கேட்டு, மணியின் நிறம், முதிரும் நாள், குத்தினால் உமி போகும் விதம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். விதை நிறுவனத்துக்கோ சிறுதானிய ஆலைக்கோ நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அந்த நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.