வன்தட்டு தளர்கிறதா? முதலில் நகல், பிறகுதான் பழுதுபார்ப்பு

சிறிய அச்சகம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மூலையில் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடும் ஒரு பழைய கணினி. பதினைந்து ஆண்டுகளாகத் திருமண அழைப்பிதழ்களும் சங்க மலர்களும் அதில்தான் உருவாகின்றன. முன்பு இரண்டு நிமிடத்தில் வேலைக்குத் தயாராகும் கணினி, இப்போது பத்து நிமிடம் எடுக்கிறது. சில கோப்புகளைத் திறந்தால் திரை அப்படியே உறைந்துவிடுகிறது. “வைரஸாக இருக்கும்” என்கிறார் ஒருவர். “ஃபார்மேட் செய்துவிடலாம்” என்கிறார் இன்னொருவர்.

வைரஸ் எதுவும் இல்லாமலே இப்படி நடக்கலாம். வன்தட்டு தன் கடைசிக் காலத்தை நெருங்கும்போது தெரியும் அறிகுறிகள் இவை. இந்த நேரத்தில் நாம் செய்யும் முதல் வேலைதான், உள்ளே இருப்பவை தப்புமா தப்பாதா என்பதை முடிவுசெய்யும்.

கோப்புகளை மட்டும் எடுத்தால் போதாதா?

புகைப்படங்கள், கடிதங்கள் என்றால் போதும். ஆனால், பழைய கணினிகளில் கோப்பை விட அதைத் திறக்கும் மென்பொருளே அரிதாகிவிட்டிருக்கும். ஒருங்குறி பரவலாவதற்கு முன்பு தமிழ் எழுத்துருக்கள் பலவும் தங்களுக்கெனத் தனித்தனிக் குறியீட்டு முறைகளைப் பயன்படுத்தின. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாகத் தாறுமாறான ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். மென்பொருளை நிறுவிய குறுந்தட்டு எங்கே போனதென்று யாருக்கும் நினைவிருக்காது.

இத்தகைய நிலையில்தான் ‘குளோனிங்’ எனப்படும் முழு நகலாக்கம் கைகொடுக்கிறது. இங்கே கோப்பு கோப்பாக நகலெடுப்பதில்லை. வன்தட்டின் முதல் அங்குலத்திலிருந்து கடைசி வரை உள்ள எல்லாவற்றையும், இயங்குதளம், எழுத்துருக்கள், அமைப்புகள் உட்பட, இருந்த வரிசையிலேயே புதிய வன்தட்டில் பதிக்கிறோம். புதியதைப் பொருத்தியதும் பழைய கணினி எதுவும் நடக்காததுபோல் எழுந்து நிற்கும்.

உள்ளே நடப்பது என்ன?

வன்தட்டுக்குள் காந்தப் பூச்சு கொண்ட தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. தரவைப் படிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை. மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் மிதக்கிறது. அந்த இடைவெளி, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு தூசு, ஓர் அதிர்ச்சி, ஆண்டுக்கணக்கான தேய்மானம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று போதும், தட்டின் மேற்பரப்பு ஆங்காங்கே பழுதடைய.

தரவு ‘செக்டர்’ எனப்படும் சிறு கட்டங்களில் எழுதப்படுகிறது. பழைய வன்தட்டுகளில் ஒரு செக்டரின் அளவு 512 பைட். 80 ஜிகாபைட் வன்தட்டு என்றால் சுமார் 15 கோடியே 60 லட்சம் செக்டர்கள். ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் வன்தட்டு உடனே கைவிடாது. மீண்டும் மீண்டும் முயலும். சில வினாடிகள் கழித்துத்தான் முடியவில்லை என்று சொல்லும். இயங்குதளமோ மறுபடியும் கேட்கும். திரை உறைந்து நிற்பதன் காரணம் இதுதான்.

இதை உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. வன்தட்டுகள் ‘ஸ்மார்ட்’ என்ற தன்னாய்வுக் குறிப்பைத் தாங்களே வைத்திருக்கின்றன. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் அதைப் பார்க்கலாம். மாற்று இடத்திற்கு நகர்த்தப்பட்ட செக்டர்கள், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் ஆகிய இரண்டு எண்களையும் கவனியுங்கள். அவை பூச்சியமாக இல்லாமல், நாளுக்கு நாள் ஏறினால் தாமதிக்காதீர்கள்.

ஏன் முதலில் பழுதுபார்க்கக் கூடாது?

விண்டோஸில் உள்ள ‘செக் டிஸ்க்’ கருவியை ஓட்டலாமே என்று தோன்றும். அது நலமான வன்தட்டில் ஏற்படும் கோப்புக் குழப்பங்களைச் சரிசெய்யும் கருவி. தளரும் வன்தட்டில் அது மணிக்கணக்கில் படித்து, எழுதி, மிச்சமிருக்கும் ஆயுளையும் செலவழித்துவிடும். படிக்க முடியாத கோப்புகளின் குறிப்புகளை அழித்துவிடவும் கூடும். இன்னும் எத்தனை மணி நேரம் அந்த வன்தட்டு ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. இருக்கும் நேரம் முழுவதும் நகலெடுக்கவே பயன்பட வேண்டும்.

குளிர்பதனப் பெட்டியின் உறைநிலைப் பகுதியில் வைத்தால் சரியாகிவிடும் என்ற பழைய வைத்தியமும் வேண்டாம். வெளியே எடுத்ததும் நம் நாட்டு ஈரக் காற்றில் அதன்மேல் நீர்த்துளிகள் படியும்; அது ஆபத்து.

சுலபமானது முதலில்

ஒரு கணக்குப் போடுவோம். வினாடிக்கு 40 மெகாபைட் வேகத்தில் 80 ஜிகாபைட்டைப் படிக்க சுமார் 33 நிமிடம் போதும். ஆயிரம் செக்டர்கள் பழுது, ஒவ்வொன்றிலும் ஐந்து வினாடி சிக்கிக்கொள்கிறது என்றால் அவற்றுக்கு மட்டும் 83 நிமிடம். இத்தனைக்கும் அந்த ஆயிரம் செக்டர்கள், மொத்தத்தில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்குதான்!

சாதாரண நகல் மென்பொருள் வரிசையாகப் போய், முதல் பழுதிலேயே சிக்கி நிற்கும் அல்லது பிழை காட்டி நின்றுவிடும். லினக்ஸில் இயங்கும் ‘டிடிரெஸ்கியூ’ என்ற இலவச மென்பொருளின் உத்தி வேறு. படிக்க முடியாத இடம் வந்தால் அதைத் தாண்டிப் போய்விடும். நல்ல பகுதிகளை எல்லாம் முதலில் பத்திரப்படுத்தும். பிறகு திரும்பி வந்து, பழுதான பகுதியின் ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுக்கும். எது முடிந்தது, எது மிச்சம் என்பதை ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி வைக்கும். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தைவானில் உருவான குளோன்சில்லாவும் நல்ல மென்பொருள்தான். ஆனால், அது நலமான வன்தட்டை நகலெடுக்கவே அதிகம் ஏற்றது.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை

பழைய வன்தட்டைக் கழற்றி, வேறொரு கணினியில் இணையுங்கள். பழைய ‘ஐடிஇ’ வகைக்கு 40 முள் கொண்ட அகலமான பட்டைக் கேபிள் இருக்கும். அதை யுஎஸ்பியில் இணைக்கும் அடாப்டர்கள் கணினிக் கடைகளில் கிடைக்கின்றன. அந்தக் கணினியை லினக்ஸ் உள்ள யுஎஸ்பியிலிருந்து தொடங்குங்கள். விண்டோஸில் இணைத்தால் அது தானாகவே பழைய வன்தட்டில் எதையாவது எழுதப் பார்க்கும்.

புதிய வன்தட்டு பழையதற்குச் சமமாகவோ பெரியதாகவோ இருக்க வேண்டும். அதே வேளையில் மிகப் பெரியதும் சிக்கலே. மிகப் பழைய கணினிகள் சில, 137 ஜிகாபைட்டுக்கு மேல் பார்க்காது. 28 இலக்க இரும எண்ணால் செக்டர்களை எண்ணியதால் வந்த எல்லை அது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, திசை. எது பழையது, எது புதியது என்பதைக் கொள்ளளவையும் வரிசை எண்ணையும் பார்த்து இருமுறை சரிபாருங்கள். இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால், வெற்று வன்தட்டு உங்கள் பதினைந்து ஆண்டு உழைப்பின் மேல் எழுதப்பட்டுவிடும். அதைத் திரும்பப் பெற முடியாது.

நகல் முடிந்த பிறகு செக் டிஸ்க்கை ஓட்டலாம். ஆனால், புதிய வன்தட்டில் மட்டும். பழையதைத் தொடாமல் எடுத்து வைத்துவிடுங்கள். இரண்டையும் ஒரே விண்டோஸ் கணினியில் சேர்த்து இணைக்காதீர்கள். இரண்டுக்கும் அடையாளக் குறி ஒன்றாகவே இருப்பதால் குழப்பம் வரும்.

எப்போது கைவைக்கக் கூடாது?

‘டக், டக்’ என்று சீராகத் தட்டும் ஓசை கேட்டால், படிக்கும் முனையே பழுதாகியிருக்கலாம். அப்போது எந்த மென்பொருளும் உதவாது. ஓட விடும் ஒவ்வொரு நிமிடமும் முனை தட்டைக் கீறக்கூடும். உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். உள்ளிருப்பது விலைமதிப்பற்றது என்றால், தூசு நீக்கிய அறையில் வேலை செய்யும் தரவு மீட்பு நிபுணரிடம் கொடுங்கள். மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம்.

நகலாக்கம் வெற்றி பெற்ற பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. புதிய வன்தட்டும் ஒருநாள் தளரும். அது நன்றாக ஓடும்போதே இன்னொரு நகல் எடுத்து, வேறோர் இடத்தில் வைத்துவிடுங்கள். நலமான வன்தட்டை நகலெடுக்க அரை மணி நேரம்தான் ஆகும்.